நான்கு புள்ளிகள்

ஹமேன்லின்னாவில் நவம்பர்.
மூன்றரைக்கே தெருவிளக்கு போட்டாயிற்று.
ரொட்டி ஆலையின் இரண்டாம் மாடியில்
புளித்த ரை மாவின் வாசனைக்கு நடுவே
மூன்று பேர் ஒரு முகவரிக்காக
மல்லுக்கு நிற்கிறார்கள்.
வேலைவாய்ப்புத் தளம் புதிதாகிறது.

எண் போதும் என்கிறார் இல்போ.
எண்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.
எந்திரத்துக்கு அது இனிக்கும்.
துறையின் பெயர் முன்னால் வரட்டும் என்கிறாள் சிர்க்கு;
துறைகளுக்குப் போன வசந்தத்தில் பெயர் மாற்றியவள் அவள்தான்,
அதற்கு முந்தின வசந்தத்திலும்.
வுவோக்கோ எழுந்து போய்
வெள்ளைப் பலகையில் ஒரு சாய்கோடு இழுத்தாள்.
பிறகு ஊர். இன்னொரு சாய்கோடு.
பிறகு வேலை, சொல்லுக்குச் சொல் சிறுகோடு விட்டு.
வாலில் வேண்டுமானால் இல்போவின் எண்.
"பஸ்ஸில் ஒருவர் வாயால் சொல்ல
இன்னொருவர் காதால் வாங்கி
போனில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்."
அடிக்கோடு போட்டால் என்ன?
இணைப்பின் கீழே ஓடும் கோட்டில்
கோட்டோடு கோடாகக் கரைந்துவிடும்.

புள்ளிகளில்தான் சண்டை வலுத்தது.
ஃபின்னிஷ் எழுத்துகளின் தலைமேல்
ஜோடி ஜோடியாய் உட்கார்ந்திருப்பவை
முகவரிக்குள் நுழைந்தால்
விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாகச் சிதறும்.
எடுத்துவிடு என்றார் இல்போ.
எடுத்தால் ஊர்ப்பெயரின் முன்பாதி
பாவாடை ஆகிவிடுமே.
சிரித்தார்கள். எடுத்தார்கள்.

ஒற்றைப் புள்ளிக்கு மெய்யும் உயிர்மெய்யும்
கட்சி மாறும் மொழியில்
இதை எழுதுகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வடக்கே ஆனெகோஸ்கி என்றோர் ஊர்.
பெயரின் தொடக்கத்தில் குரல் இருக்கிறது, முடிவில் ஆற்றின் பாய்ச்சல்.
நான்கு புள்ளிகளை உதிர்த்தால்
பாய்ச்சல் மட்டும் மிஞ்சும்.

அங்கேயும் ஆலைக்கு ஒரு கிளை இருந்தது.
மூடி இரண்டு குளிர்காலம்.

பழைய முகவரிகளைப் புதியவற்றோடு முடிச்சுப் போடுவது
வுவோக்கோவின் தலையில் விழுந்தது. ஆயிரத்து அறுநூறு.
பதிவேட்டைப் புரட்டுகையில் பார்த்தாள்:
இரவு மூன்று நாற்பதுக்கு, தினமும்,
யாரோ வருகிறார்கள்.
கேட்பது ஒன்றே. ஆனெகோஸ்கி, அடுப்படி, இரவு ஷிப்ட்.
கிடைப்பது நானூற்று நான்கு.
தேடுபொறியின் சிலந்தியாக இருக்கும், என்றார் இல்போ.
சிலந்திக்கு ஏது கடிகாரம்?
வேலை போன ஒருவர், தூக்கமும் போனவர்,
பழைய நேரத்துக்கே விழிப்புத் தட்டுகிறவர்
என்று அவளுக்குப் பட்டது.

அவரை எங்கே திருப்பிவிடுவது?
முகப்புப் பக்கத்துக்கு என்றால்
தெருவில் கொண்டுபோய் விடுவது.
ஹமேன்லின்னா அடுப்புக்கு என்றால்
இருநூறு கிலோமீட்டருக்கு மேல், பனியில்.
கடைசியில் நானூற்றுப் பத்து போட்டாள்.
இருந்தது, இனி இல்லை.
பக்கத்தில் தானாக ஒரு வரி சேர்த்தாள்:
"ஆனெகோஸ்கி அடுப்பு அணைந்துவிட்டது. தேடி வந்ததற்கு நன்றி."
நன்றி எதற்கு என்றாள் சிர்க்கு.
நீக்கச் சொல்லவில்லை.

மறுநாளும் மூன்று நாற்பது.
அதற்கு மறுநாளும்.

பதினோராம் நாள் இல்போ காதுவரை சிவந்து வந்தார்.
வருவது வெளியாள் இல்லை, நம் இணைப்பேதான்.
பூட்டிய கிளையின் காபி அறையில்
சுவரில் ஒரு திரை.
இடைவேளையில் ஆட்கள் பார்க்கட்டும் என்று
காலி வேலைகளைக் காட்ட வைத்தது.
யாரும் அணைக்கவில்லை.
கரண்ட் பில்லை யாரோ கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
காபி நேரம் வந்ததும் அது விழித்து
இருட்டில்
வேலை கேட்டிருக்கிறது.

சாவி வைத்திருந்த தௌனோ
வெள்ளிக்கிழமை போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.
பிடுங்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பினார்,
கணக்குக்கு.
தூசி. கவிழ்த்து வைத்த கோப்பைகள் ஏழு.
திரையின் உச்சிப் பட்டையில் மொட்டையாய் ஊர்ப்பெயர்,
அதற்குக் கீழே வுவோக்கோவின் வரியில்
நான்கு புள்ளிகளும்
இருக்க வேண்டிய இடத்தில்.